உள்ளே போனான், சரி, திருடத்தான் போனானா? கன்னக்களவு மேல்முறையீட்டில் எந்த வாதத்தைப் பிடிப்பது

தீர்ப்பு நகலை மேசைமேல் வைத்துவிட்டு அண்ணன்காரர் கேட்டார்: "சார், அவன் உள்ள போனது நெசந்தான். ஆனா திருடப் போகல. இத எடுத்துச் சொன்னா விட்ருவாங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "இல்லன்னா, அவன் அந்தப் பக்கமே போகலன்னு சொல்லிரலாமா?"

கன்னக்களவு, அதாவது வீடு புகுந்து திருடிய வழக்கில் தண்டனை வாங்கி வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்கின்றன. எது உண்மை என்பது அவனுக்குத் தெரியும். எது நிற்கும் என்பது வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்தால்தான் தெரியும். நடுவில் வக்கீலுக்கு ஒரு எல்லையும் உண்டு. "அவன் போகவில்லை" என்று நானாக ஒரு பொய்யைக் கட்ட முடியாது. "அவன் போனான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல.

எந்த வாதத்தை முன்னால் வைப்பது என்பதை இரண்டு மாதிரிக் கட்டுகளை வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் பல வழக்குகளைக் கலந்து எழுதியவை. யாரையும் தேட வேண்டாம்.

முதல் கட்டு: வீட்டார் வெளியூர் போய்த் திரும்பும்போது கொல்லைக்கதவின் நாதாங்கி பெயர்ந்து கிடக்கிறது. பீரோவில் இருந்த 3 சவரன் சங்கிலியும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் இல்லை. 19 நாள் கழித்து வாகனத் தணிக்கை. "போலீசாரைக் கண்டதும் தப்பி ஓட முயன்றவரை" பிடித்து விசாரித்ததில் தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம். அவன் வீட்டுக் கூரைச் செருகலிலிருந்து நகை எடுக்கப்படுகிறது. பிரிவுகள் 457 (இரவில் வீடு புகுதல்), 380 (வீட்டில் திருட்டு). இரண்டிலும் 2 ஆண்டு, ஏககாலத்தில்.

இரண்டாவது கட்டு, அண்ணன்காரர் கொண்டுவந்தது: இரவு ஒன்றரை மணி. சத்தம் கேட்டு எழுந்த வீட்டுக்காரர் சமையலறையில் ஒரு பையனைப் பார்க்கிறார். வயது 20, காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். தெரு கூடி விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து போலீசுக்குச் சொல்கிறது. அவன் ஒன்றும் எடுக்கவில்லை. கையில் கம்பியோ டார்ச்சோ இல்லை. ஆனாலும் "திருடும் கருத்துடன்", அதாவது திருடும் நோக்கத்தோடு, நுழைந்தான் என்று 457. அவனுக்கும் 2 ஆண்டு.

படிக்கட்டு

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது ஒரு படிக்கட்டு. மேல்படி 457. சூரியன் மறைந்து உதிப்பதற்குள், ஒளிந்து நுழைவதோ உடைத்து நுழைவதோ, சிறைத் தண்டனைக்குரிய ஒரு குற்றத்தைச் செய்வதற்காக என்றால் 5 ஆண்டு வரை. அந்தக் குற்றம் திருட்டு என்றால் 14 ஆண்டு வரை. அந்தச் "செய்வதற்காக" உதிர்ந்துவிட்டால் 456, 3 ஆண்டு. ஒளிவும் இல்லை உடைப்பும் இல்லை, சும்மா அத்துமீறி வீட்டுக்குள் போனான் என்றால் 448, 1 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 329 முதல் 331 வரை. 457-க்கு நேரானது 331(4). சிறைக்கால அளவு மாறவில்லை. அதற்கு முன் நடந்தது என்றால் பழைய எண்களேதான்.

படிக்கட்டின் அடித்தளம் 441. வெறும் அத்துமீறலுக்கே ஒரு கருத்து வேண்டும் என்கிறது அது: குற்றம் செய்யவோ, அனுபவத்தில் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ. எந்தக் கருத்தும் நிரூபணமாகவில்லை என்றால் 448-கூட நிற்காது. பஞ்சாபிலிருந்து போன ஒரு வழக்கில் (ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில், 1964) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நுழைந்தால் வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகும் என்று தெரிந்திருந்தது மட்டும் போதாது. தொந்தரவு செய்வதே நுழைவின் நோக்கமாக இருக்க வேண்டும். தெரிவது வேறு, நினைப்பது வேறு. மேல்முறையீட்டு மனுவில் கருத்தைப் பற்றி எழுதப்போகிறவர் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

14 என்ற எண்ணைப் பார்த்துக் குடும்பம் மிரளும். மிரள வேண்டாம். இந்த வழக்குகளை விசாரிப்பவர் நீதித்துறை நடுவர். அவரால் ஒரு குற்றத்துக்கு 3 ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது. கூடுதலாக வேண்டும் என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும், அவர் வரம்பு 7. ஆகவே படி இறங்குவதன் லாபம் காகிதத்தில் தெரிகிற 14-க்கும் 5-க்கும் இடையே இல்லை. 448-க்கு இறங்கினால் உச்சமே 1 ஆண்டு. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள்களைக் கழித்தால் பலருக்கு மிச்சமே இருக்காது. லாபம் அங்கேதான்.

"அவன் அல்ல" என்ற வாதம்

முதல் கட்டுக்கு இதுதான். அங்கே நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை. விரல் ரேகை எடுத்ததாகப் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) இருக்கிறது, ஒப்பீட்டு அறிக்கை வரவில்லை. ஆக, வழக்கு முழுவதும் கூரைச் செருகலிலிருந்து வந்த ஒரு துணிமுடிச்சில் தொங்குகிறது.

அந்த முடிச்சு எப்படி "கருத்து" ஆகிறது என்று பாருங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு (இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் காப்புரையாக இருக்கிறது) ஒரு சின்னச் சன்னலை மட்டும் திறக்கிறது: எந்தத் தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்தத் தகவலின் அந்தப் பகுதி மட்டும். சன்னலின் அளவை 1947-இல் தொகுப்பில் வெளியான புளுக்குரி கோட்டையா வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அளந்து கொடுத்தது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கு அது. "நான் திருடிய சங்கிலியைக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால், "நான் திருடிய" என்ற இரண்டு சொல்லை அடித்துவிட்டுத்தான் நீதிமன்றம் படிக்க வேண்டும். மிச்சம் நிற்பது, அந்த இடத்தில் அந்தப் பொருள் இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது மட்டும்.

அதிலிருந்து அடுத்த கண்ணி, அதே சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின் முதல் உதாரணம். களவு போன சிறிது காலத்துக்குள் களவுப்பொருளை வைத்திருந்து கணக்குச் சொல்ல முடியாதவனை, அவனே திருடியவன் என்றோ களவென்று தெரிந்து வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். "கலாம்" என்பதில் ஒரு அழுத்தம் வேண்டும். சிறிது காலம் என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. கர்நாடகத்திலிருந்து வந்த 1983 வழக்கு ஒன்றில் ஓராண்டு கழித்துக் கைப்பற்றியதைக்கூட உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனவே "19 நாள் ஆகிவிட்டது" என்பதை மட்டும் நம்பி வாதாடப் போகாதீர்கள். திருடியவன் என்று ஊகித்தபின், திருடியவன்தான் நுழைந்தவன், நுழைந்தவன் திருடத்தான் நுழைந்தான் என்று கண்ணிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன.

இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியான கருத்தைப் பிடித்து ஆட்டுவது வீண். "பீரோவைத் திறந்தான், நகையை எடுத்தான், ஆனால் நுழையும்போது அந்த எண்ணம் இல்லை" என்று மேல்முறையீட்டைக் கேட்கிற எந்த அமர்வு நீதிபதியிடம் சொல்வது? முதல் கண்ணியை ஆட்டினால் எல்லாம் சேர்ந்து விழும்.

முதல் கண்ணி கைப்பற்றுதல் மகஜர், பொருளை எடுத்ததற்கான பதிவு. நம் ஊரில் இதற்குச் சாட்சி பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும். மாதிரிக் கட்டில் வாக்குமூலம் காலை 6.30, மகஜர் 8 மணி. குறுக்கு விசாரணையில் வி.ஏ.ஓ. சொல்கிறார்: "எட்டு மணிக்கு நான் ஸ்டேஷனில் இருந்தேன். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது." வீட்டுக்காரர் சொல்கிறார்: "நகையை முதன்முதலாக ஸ்டேஷனில்தான் பார்த்தேன், வாங்கிய ரசீது இல்லை." எஃப்.ஐ.ஆரில் 3 சவரன், அதாவது 24 கிராம். மகஜரில் 22.400 கிராம், எந்தக் கடையில் எடை போட்டது என்ற குறிப்பு இல்லை. நடுவர் இதையெல்லாம் "சிறு முரண்பாடுகள்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். முதல் மேல்முறையீடு சட்டத்தை மட்டும் பேசுகிற இடமல்ல. சாட்சியத்தை முதலிலிருந்து மறுபடி எடைபோடுகிற இடம். எனவே நான் மனுவில் முதல் மூன்று பக்கத்தையும் இந்த ஒரு மகஜருக்கே கொடுப்பேன்.

இதன் குறை ஒன்றுதான்: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. மகஜர் நின்றுவிட்டால் இறங்குவதற்குப் படி கிடையாது.

"போனான், ஆனால் திருட அல்ல"

இரண்டாவது கட்டுக்கு முதல் வாதம் செல்லாது. கையும் களவுமாக என்று சொல்ல முடியாவிட்டாலும், கையும் காலுமாகப் பிடித்திருக்கிறார்கள். அவன் அங்கே இருந்தான். எதற்காக இருந்தான் என்பதுதான் முழு வழக்கும்.

மனதுக்குள் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. நேரம், நுழைந்த வழி, கையில் இருந்தது, நின்ற இடம், பிடிபட்டதும் சொன்ன முதல் வார்த்தை, இவற்றிலிருந்து ஊகிப்பார்கள். அந்நியன் ஒருவன் இரவு ஒன்றரை மணிக்கு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் எந்த விளக்கமும் இல்லாமல் நின்றால், திருட வந்தான் என்று ஊகிப்பது தப்பு என்று சொல்ல முடியாது. இங்கே பலர் சறுக்குகிறார்கள். "ஒன்றும் எடுக்கவில்லை, ஆகவே கருத்து இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். 457-க்கு எடுத்திருக்க வேண்டும் என்று இல்லவே இல்லை. எடுப்பதற்குள் பிடிபட்டான் என்று அரசு வக்கீல் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

கேட்க வேண்டியது வேறு: எடுக்கத்தான் வந்தான் என்பதற்குக் கட்டில் என்ன இருக்கிறது? வீட்டுக்காரர் முதல் விசாரணையில் சொன்னது, "திருடத்தான் வந்திருப்பான்." அது அவருடைய அபிப்பிராயம். பீரோ இருந்த அறைக்கு அவன் போகவில்லை. முன்னறையில் சார்ஜில் போட்டிருந்த செல்போன் அப்படியே இருக்கிறது. சமையலறைக்குப் போக அதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். போலீசார் வரைந்த சம்பவ இட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கொல்லைக்கதவு எங்கே, முன்வாசல் எங்கே, செல்போன் எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். நான் பார்த்தவரை நீதிபதிகள் வரைபடத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாலே வாதத்தின் தொனி மாறிவிடும்.

அடுத்தது கதவு. 445-ஆம் பிரிவு வீட்டை உடைப்பதற்கு ஆறு வழிகளை அடுக்குகிறது. சுவரில் கன்னம் வைப்பது முதல், கதவு ஓட்டையில் கம்பி விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது வரை அதன் உதாரணங்களில் இருக்கிறது. தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்துத் திறந்தாலும் அது உடைப்புதான். ஆனால் வெக்கைக்குத் திறந்து வைத்த கதவு வழியாக நடந்து போனால் அது உடைப்பல்ல. ஒளிந்து நுழைதலுக்கும், ஆள் தெரியாமல் மறைத்துக்கொள்ள அவன் ஏதாவது செய்திருக்க வேண்டும். இருட்டாக இருந்தது என்பது இருட்டின் வேலை, அவன் வேலையல்ல. இந்தக் கட்டில் வீட்டுக்காரரே குறுக்கு விசாரணையில், "கரண்ட் இல்லாததால் முன்கதவைத் திறந்து வைத்துப் படுத்திருந்தோம்" என்று சொல்லியிருக்கிறார்.

கதவு வாதம் கவர்ச்சியானது, சுலபமானது. ஆனால் அதை மட்டும் வைத்து ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். 457 போனாலும் திருடும் கருத்து நின்றால் 451 வந்து உட்காரும். திருடுவதற்காக வீட்டுக்குள் அத்துமீறுவது, 7 ஆண்டு வரை. நடுவரின் 3 ஆண்டு வரம்போடு பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. கதவை இழந்து கருத்தை ஜெயித்தால் 456. கதவையும் கருத்தையும் சேர்த்து ஜெயித்தால் 448 அல்லது விடுதலை. எனவே கருத்துதான் முதல் கால், கதவு இரண்டாவது கால்.

இப்போது முக்கியமானது. கருத்தை மறுக்கிறவன் தன் விளக்கத்தை எப்போது சொன்னான்? மேல்முறையீட்டில் புதுக்கதைக்கு இடமில்லை. கூடுதல் சாட்சியத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவு (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 432) இருக்கிறது, அபூர்வமாகத்தான் திறக்கும். ஆகவே நான் தீர்ப்பைப் படிப்பதற்கு முன்பே 313 கேள்வித்தாளைத்தான் (சாட்சியத்தைப் பற்றி நீதிமன்றம் அவனிடமே கேட்ட கேள்விகளும் அவன் பதில்களும்) தேடுவேன். அதில் எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்றும், கடைசியில் "பொய் வழக்கு" என்றும் மட்டும் இருந்தால் கருத்து வாதம் பாதி நொண்டி. அங்கே நானே இல்லை என்று சொன்னவனுக்காக, "இருந்தான், ஆனால் வேறு எண்ணத்தோடு இருந்தான்" என்று நான் எப்படி நிற்பது? சட்டம் தடுக்கவில்லை, மாற்று வாதமாக வைக்கலாம். குற்றத்தை நிரூபிக்கும் பாரம் எப்போதும் அரசுத் தரப்புக்குத்தான். ஆனால் அடிபடும்.

விளக்கம் எப்படிப்பட்டது என்பதும் பார்க்க வேண்டும். பழைய வழக்குகளில் அடிக்கடி வருவது, "அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போனேன்." 2018 செப்டம்பர் வரை இதில் ஒரு பொறி இருந்தது. அவள் மணமானவள் என்றால், 497-ஆம் பிரிவின்படி அதுவே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திருட வரவில்லை என்று நிரூபிக்கப் போய், வேறொரு குற்றம் செய்ய வந்தேன் என்று ஒப்புக்கொண்டு 457-க்குள்ளேயே விழுந்த கதையாகும். உச்ச நீதிமன்றம் 497-ஐ நீக்கிய பிறகு அந்தப் பொறி இல்லை. ஆனாலும் உண்மையில்லாமல் இந்த வாதத்தை எடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சாட்சிக்கூண்டில் நிற்கப்போவது அந்தப் பெண். உண்மையாக இருந்து, விசாரணையிலேயே சொல்லியிருந்தால் மட்டும் தொடலாம்.

மற்ற மூன்று

முதல் கட்டில் சிலர் சொல்வார்கள்: 114 இரண்டு ஊகம் தருகிறதே, திருடியவன் என்பதை விட்டு வாங்கியவன் என்பதற்கு இறங்கலாமே என்று. அது 411-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. இரவில் வீடு புகுந்தான் என்ற கறை போகும், உண்மைதான். ஆனால் களவுப்பொருள் என்று தெரிந்தே வைத்திருந்தான் என்பதை நாமே கொடுத்துவிடுகிறோம். மகஜரைத் தாக்கிய மூன்று பக்கமும் குப்பைக்குப் போகும். மகஜர் கெட்டியாக இருந்து, நுழைந்ததற்கு வேறு தடயமே இல்லாத வழக்கில் மட்டும் இது கைகொடுக்கும்.

குடிபோதை: கேட்காத குடும்பம் இல்லை. தானாகக் குடித்தவனுக்குத் தெளிவாக இருப்பவனின் அறிவு இருந்ததாகவே தண்டனைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு கொள்கிறது; கருத்தைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. எனவே ஏட்டளவில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் 1956-இல் உச்ச நீதிமன்றம், கருத்துக் கொள்ளவே இயலாத அளவுக்கு நிலை தப்பியிருந்தால்தான் பலன் உண்டு என்று சொல்லிவிட்டது. இரண்டாவது கட்டுப் பையன் அன்று குடித்திருந்தானா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார் அண்ணன். மருத்துவர் குறிப்பு இல்லாத கொஞ்சத்துக்கு மதிப்பு இல்லை.

தண்டனையை மட்டும் பேசுவது மூன்றாவது. இதை இழிவாகப் பார்க்கிற இளம் வக்கீல்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நன்னடத்தை அலுவலர் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறது. அனுப்பினால் காரணம் எழுதச் சொல்கிறது. வயது கணக்கு, விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்த நாளில். 11-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதைச் செய்யலாம். ஏ.ஐ.ஆர். 1965-இல் இருக்கிற வழக்கு ஒன்றில், வீடு புகுந்த குற்றத்துக்கு 6 மாதம் வாங்கிய 16 வயதுப் பையனுக்கு, தண்டனை விதித்த பிறகுதான் இந்தச் சட்டம் அந்தப் பகுதிக்கு வந்தது என்றபோதும், உச்ச நீதிமன்றம் இந்தப் பலனைத் திறந்துவிட்டது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டால், தண்டனையால் வருகிற தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி, சீருடைப் பணிக்குப் போக நினைக்கிறவனிடம் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும்.

தண்டனை வாதத்தில் ஒரு எச்சரிக்கை. வாதம் சூடுபிடிக்காத நாளில் நீதிபதி மெல்லக் கேட்பார், "தண்டனையை மட்டும் பேசுகிறீர்களா?" ஆமாம் என்று சொன்ன நொடியில் கருத்து, மகஜர் எல்லாம் போயிற்று. பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வுக்கு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் தவறு உண்டா என்று மட்டும் பார்ப்பது) போனால், கருத்து என்பது பொருண்மை சார்ந்த விஷயம், இரண்டு நீதிமன்றமும் ஒன்றாகச் சொல்லிவிட்டது என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். கருத்தைப் பேச முதல் மேல்முறையீட்டைவிட நல்ல இடம் இல்லை.

போனால் கூடிவிடுமா?

இந்தப் பயத்தால் அப்பீல் வேண்டாம் என்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டனை பெற்றவன் தானே போடும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. பழைய நடைமுறைச் சட்டம் 386, இப்போது 427. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டு வழக்குதான்: இரவில் அடுத்த வீட்டில் நுழைந்ததற்காக 448-லும் 354-லும் (பெண்ணின் மானத்துக்குப் பங்கம்) தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போக, நீதிமன்றம் தானாகவே சீராய்வு எடுத்து, விடுதலையான 306-லும் (தற்கொலைக்குத் தூண்டுதல்) தண்டித்துவிட்டது. அரசோ பாதிக்கப்பட்டவர் தரப்போ மேல்முறையீடு செய்யாதபோது அப்படிச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த 306 தண்டனையை ரத்து செய்தது.

எதிர்த்திசையில், விடுதலையை எதிர்த்து அரசு வந்தால் கணக்கு வேறு. 2007-இல் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னபடி, மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோடலாம். ஆனால் இரண்டு பார்வைக்கு இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக் கூடாது. கருத்து மட்டுமே பிரச்சினையான வழக்கில் இரண்டாவது பார்வை ஏறக்குறைய எப்போதும் இருக்கும். எனவே அரசுத் தரப்பில் இருந்தால், கருத்தை நம்பி விடுதலைக்கு எதிராகப் போக நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். பொருள் கைப்பற்றப்பட்டு, அந்தச் சாட்சியத்தை நடுவர் பார்க்காமலே விட்டிருந்தால் போகலாம்.

அண்ணன்காரரின் கட்டில் 313 தாளைத் தேடி எடுத்தேன். ஒன்பது கேள்வி. எட்டுக்கும் "பொய்." ஒன்பதாவதில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பதற்குக் கீழே, எழுத்தர் கையெழுத்தில்: "தண்ணீர் தாகம். கதவு திறந்திருந்தது. பானையைத் தேடினேன்." நடுவர் தீர்ப்பில் இந்த மூன்று வாக்கியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம்பவில்லை என்றுகூட எழுதவில்லை. அவன் பிடிபட்ட இடம் சமையலறை.

"அவன் அந்தப் பக்கமே போகலன்னு சொல்ல வேணாம். அத மறந்துருங்க" என்றேன். கருத்து முதலில், கதவு இரண்டாவது, இரண்டும் தோற்றால் நன்னடத்தைச் சட்டம். மூன்றையும் மனுவில் அதே வரிசையில் எழுதுவேன். நடுவரே தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்திருக்கிறார், அமர்வு நீதிமன்றத்தில் அதை நீட்டிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள். நகல் வாங்க ஆன நாள்களைக் கழித்தால் இன்னும் 17 நாள் இருக்கிறது.

"வயசுக்கு என்ன இருக்கு? ஆதார் போக, ஸ்கூல் சர்டிபிகேட்?"

"பத்தாவதோட நின்னுட்டான் சார். டி.சி. வாங்கவே இல்ல. திங்கக்கிழமை போயி ஹெட்மாஸ்டரப் பாக்குறேன்" என்று நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.